நன்றாகத் தூங்கிய முகம்

"ஒன்றுமே போடாத மாதிரி இருக்கணும்" என்றாள்
சுகந்தினி கவெண்டர்.
அதற்குத்தான் நேரம் அதிகம், காசும் அதிகம்,
ஆயிரத்து நானூறு ராண்ட் என்றேன்.
பேரம் பேசவில்லை.
டர்பன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவள்.
நாற்பத்தொரு வயது. முதல் கல்யாணம்.
"என் முகமாகவே இருக்கட்டும்.
ஆனால் நன்றாகத் தூங்கிய என் முகம்."

ஞாயிறு விடியுமுன், மணி நாலு.
சாட்ஸ்வர்த், அவள் தம்பி வீட்டுச் சமையலறை.
பருப்பு அண்டாவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே ஒரு நாற்காலி.
முகம் கழுவிய ஈரத்தோடு வந்து உட்கார்ந்தாள்.
இடது கன்னம் வலதைவிடக் கறுப்பு:
பதினெட்டு வருடமாய் ஒரே கண்ணாடி,
ஒரே பக்கத்து வெயில்.
மறைக்கட்டுமா என்றேன்.
"வேண்டாம், அது நான் சம்பாதிச்சது."

என் பெட்டியில் மூன்று ஹைலைட்டர்.
முதலாவது முத்து வெள்ளை, தொடுவதில்லை.
பதினாறு வயதில் வாங்கியது;
அன்று கடையில் இருந்ததே அந்த நிறம்தான்.
பூசிக்கொண்டு வந்து நின்றேன்.
"நெற்றியில் இடுவதைக் கன்னத்தில் இட்டிருக்கிறாயே,
எந்தக் கோயிலுக்குப் போனாய்?" என்றான் அண்ணன்.
எங்கள் தோலில் அந்த மினுக்கம்
சாம்பலாகத்தான் உட்காரும்.
வேறு யாருடைய கன்னத்தையோ நினைத்துச் செய்த வெளிச்சம்.
பழிக்குப் பழியாய்
இன்னும் பெட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறேன்.

இரண்டாவது தேன். மூன்றாவது செம்பு.
செம்பின் மூடியைத் திறந்தேன்,
மின்சாரம் போனது.

அட்டவணையில் இந்த நேரம் இல்லையே
என்று இருட்டில் நாலைந்து குரல்கள்.
தம்பி டெரன் ஓடிப்போய் பக்கியைத் திருப்பி
முன்விளக்கை ஜன்னலுக்கு நேரே போட்டான்.
அந்த வெளிச்சத்தில் நாங்கள் எல்லோரும்
போலீஸ் பிடித்தவர்கள்போல நின்றோம்.
அணைக்கச் சொன்னேன்.
கார் விளக்கை நம்பி கன்னம் எழுத முடியாது.

விரலை நம்பினேன்.
மழையில் நின்றால்
முதல் துளி எங்கெங்கே விழுமோ
அந்த மேடுகள்:
கன்னத்து எலும்பு, மூக்குத் தண்டு,
மேலுதட்டின் சின்ன வளைவு.
நெற்றியை விட்டுவிட்டேன்.
நவம்பர் வேர்வை பத்து மணிக்குள்
இலவசமாகவே அதை மினுக்கிவிடும்.

இருட்டில் அவள் பேசினாள்.
"ராத்திரி வேலையில் பெட்டியின் நிறம் தெரியாது, நேசா.
விளிம்பில் மட்டும் வெளிச்சம் ஓடும்.
விளிம்பு தெரிஞ்சால் போதும், தூக்கிடலாம்."
உதட்டை அசைக்காதே என்று அதட்டினேன்.
ஆனால் அந்தப் பேச்சின்படியேதான் பூசினேன்,
எடுத்தது போதாதோ என்று தோன்றும்போதெல்லாம்
விரலைப் பின்னுக்கு இழுத்து.

கூரைமேல் ஹடேடா பறவைகள்
யாரோ கடன் கேட்டதுபோல் கத்தத் தொடங்கின.
கடல் பக்கமிருந்து வந்த வெளிச்சம்
முதலில் ஃப்ரிட்ஜின் கைப்பிடி,
பிறகு அண்டாவின் வாய்,
பிறகு அவள்.

செம்பைக் காணோம்.
கன்னம் இருந்தது.
வலப்பக்கம் மட்டும் ஒரு சிட்டிகை கூடிப்போயிருந்தது,
துடைக்கத் துணியை எடுத்தேன், வைத்துவிட்டேன்.
இடது பக்கத்துக்கு வெயில் முன்பே கொடுத்ததை
இந்தப் பக்கத்துக்கு நான் கொடுத்ததாக இருக்கட்டும்.

மல்லிகைச் சரத்தோடு உள்ளே வந்த பூபதி அத்தை
அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
கடிகாரத்தையும் பார்த்தாள்.
"ஏம்மா, இன்னும் மேக்கப்பே ஆரம்பிக்கலையா?
இதுக்கா ஆயிரத்து நானூறு?"

சுகந்தினி சிரித்தாள்.
சிரித்ததில் கன்னம் மேலே ஏறி
ஜன்னலைத் தொட்டது.

நான் தூரிகை கழுவக் குழாயைத் திறந்தேன்.
தண்ணீரும் போயிருந்தது.